ஊர் கும்பிட்ட பரு

எனக்கு வந்தது பரு. சிரிக்கிற ஆக்கள் முதலில சிரிச்சு முடியுங்கோ, நான் பொறுத்திருக்கிறன். பருவுக்கும் ஆராவது ஆஸ்பத்திரியில கிடப்பினமோ எண்டு என்ர சிநேகிதனே கேட்டவன். கிடந்தனான் ஐயா. கக்கூசுக்குப் போக அப்பா தூக்கிக்கொண்டு போற நிலையில கிடந்தனான். அதுக்கு முதல் வீட்டில கிடக்கேக்க சனம் வந்து என்ர காலைத் தொட்டுக் கும்பிட்டுது. இப்ப முகத்தில ரெண்டு பருவோட திரியிற பெடியள் எல்லாம் "அண்ணை, உங்களுக்கு என்ன நடந்தது?" எண்டு கேக்கிறாங்கள். ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோச்சு. அதுதான் எழுதிறன்.

எங்கட ஊர் மன்னாரில, அரிப்பு எண்ட ஊருக்குப் போற றோட்டில, கடலோட ஒட்டின சின்ன ஊர். அப்பா கடலுக்குப் போறவர், அம்மா கருவாடு போடுறவ. ஊரில எல்லாரும் வேதக்காரர், கத்தோலிக்கர். தவக்காலத்தில எங்கட கோயிலில பாஸ்கா போடுறது வழக்கம். ஆண்டவரைப் பிடிச்சு, அடிச்சு, சிலுவையில அறையிறதை ஊர்ப் பெடியள்தான் நடிச்சுக் காட்டுறது. ஆண்டவரா நடிக்கிறவனுக்குக் கட்டுப்பாடு கூட. விபூதிப் புதனில இருந்து தலைமயிர் வெட்டக்கூடாது, சவரம் எடுக்கக்கூடாது, மச்சம் மாமிசம் தின்னக்கூடாது, ஆரோடயும் சண்டை பிடிக்கக்கூடாது. எனக்குக் கடைசிதான் கஷ்டம். எண்டாலும் அந்த முறை என்னைத்தான் தெரிஞ்செடுத்தவை. நான் மெலிஞ்சவன், தலைமயிர் சுருள், சும்மா இருந்தாலும் அழப்போற மூஞ்சை. தகுதி அவ்வளவுதான்.

ஒத்திகை பின்னேர வெயிலில, கடற்கரை மண்ணில. ஆண்டவரைக் கசையால அடிக்கிற கட்டத்துக்கு இரத்தம் வேணுமே. தேங்காயெண்ணெயில சிவப்புத் தூளைக் குழைச்சு என்ர நெத்தி, நெஞ்சு, முதுகு எல்லாம் பூசுவாங்கள். எனக்கு அந்த இடமெல்லாம் ஏற்கனவே பரு இருந்தது. அந்த இளந்தாரி வயசில ஆருக்கு இல்லை? நான் கவனிக்கேல்ல. ஒத்திகை முடிய கிணத்தடியில சவுக்காரம் போட்டுத் தேய்ச்சுக் குளிப்பன். ஒரு நாள் சிநேகிதன் முதுகுக்குத் தண்ணி ஊத்தினான். ஊத்திக்கொண்டே நிண்டவன் சத்தமில்லாமல் வாளியைக் கீழ வச்சான்.

"டேய், போகுதில்லையடா."

"நல்லாத் தேய்."

"தேய்க்கத் தேய்க்கத் திரும்ப வருது."

கையைப் பின்னால விட்டுத் தடவிப் பாத்தன். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. சூடா இருந்தது. பூசின இரத்தம் எப்பவோ போயிட்டுது, அது என்ர இரத்தம்.

அடுத்த நாள் காய்ச்சல் பிடிச்சிட்டுது. பருவெல்லாம் ஒண்டோட ஒண்டு சேந்து உடைஞ்சு புண்ணாப் போச்சு. மேல கறுப்பா இரத்தம் காஞ்ச பொருக்கு, கீழ சிதலும் சீழும். தோள்மூட்டு, நெஞ்செலும்பு, இடுப்பு எல்லாம் உளைஞ்சுது. மல்லாந்து படுத்தா முதுகு பாயோட ஒட்டும், குப்புறப் படுத்தா நெஞ்சு ஒட்டும். அம்மா தலையணை உறையை மாத்த வந்தவ, உறையைத் தூக்கிப் பிடிச்சபடி அப்பிடியே நிண்டிட்டா. என்ர நெத்தி பட்ட இடத்தில இரத்தம் பொட்டுப் பொட்டா வரிசை கட்டி இருந்தது. முள்முடி வைக்கிற இடம்.

"யேசுவே" எண்டா அம்மா. கூப்பிட்ட மாதிரி இல்லை. ஆளை நேரில கண்டு சொன்ன மாதிரி இருந்தது.

பிறகென்ன, ஊருக்குப் பரவ எவ்வளவு நேரம்? தவக்காலம், ஆண்டவரா நடிக்கிறவன், நெத்தியில, நெஞ்சில, முதுகில தானா வெடிச்ச காயம். எங்கட பங்குச் சாமி வந்து பாத்திட்டு "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" எண்டுதான் சொன்னவர். ஆனா போகேக்க என்ர நெத்திக்கு நேர சிலுவை போட்டிட்டுப் போனவர். சனம் அவர் சொன்னதை விட்டிட்டுது, போட்ட சிலுவையைப் பிடிச்சுக்கொண்டுது.

வந்தவை என்னோட கதைக்கேல்ல, எனக்கு அதுதான் பயம். முழங்காலில நிண்டு என்ர நெத்தியைப் பாப்பினம், கண்ணைப் பாக்க மாட்டினம். கிணத்தடியில எனக்குத் தண்ணி ஊத்தின அந்தச் சிநேகிதன், பிறந்த நாளில இருந்து என்னை "டேய்" எண்டு கூப்பிடுறவன், வாசலில நிண்டு "நீங்கள் எங்களுக்காக மன்றாடுங்கோ" எண்டான். வீடு முழுக்க மல்லிகைப் பூ வாசமாம், எல்லாரும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொல்லிச்சினம். எனக்கு மணந்தது காறின எண்ணெய். மூடாமல் வெயிலில விட்ட போத்தில் மாதிரி. அது என்ர தோலில இருந்துதான் வந்தது.

இதில அம்மா ஏன் என்னை உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேல்ல எண்டு சொல்லவேணும். அதுக்கு அண்ணாவைப் பற்றிச் சொல்லவேணும். எனக்கு ரெஜி எண்டு ஒரு அண்ணா இருந்தவர். இருக்கிறார் எண்டு சொல்லாட்டி அம்மாவுக்குக் கோவம் வரும். கடைசிச் சண்டையில நாங்கள் மன்னாரை விட்டு வன்னிக்குள்ள ஓடி ஓடி, முடிவில கழுத்தளவு தண்ணியைக் கடந்து ஆமியின்ர பக்கம் வந்த சனத்தில நாங்களும். எனக்கு அப்ப நாலு வயசு. அண்ணா என்னைத் தோளில வச்சுக்கொண்டு முன்னால போனவராம். அம்மாவும் அப்பாவும் மூட்டையோட பின்னால. அவையள் கரையேறிப் பாக்க, நான் மட்டும் ஒரு பைக்கு மேல குந்திக்கொண்டு இருந்தனாம், அண்ணா இல்லை. அந்தக் கரையில ஆரோ பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள், எங்கயோ வச்சிருக்கிறாங்கள் எண்டுதான் அம்மா இவ்வளவு வருசமும் நம்பினா. மரித்தோர் திருநாளுக்கு ஊரெல்லாம் சவக்காலையில மெழுகுதிரி கொளுத்தும். அம்மா அண்ணாவுக்குக் கொளுத்தமாட்டா. கொளுத்தினா அவர் செத்ததை ஒத்துக்கொண்டதாப் போயிடும். வீட்டில அவரின்ர பேரையே ஒருத்தரும் எடுக்கிறேல்ல.

ஒரு மத்தியானம், சனம் எல்லாம் போய் வீடு வெறுமையாக் கிடந்த நேரம், காய்ச்சலில நான் ஏதோ கதைச்சிருக்கிறன். எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை. கண் முழிக்க அம்மா கட்டில் காலோட ஒட்டிக்கொண்டு நிலத்தில இருந்தா. முகத்தில இரத்தமே இல்லை. கையில ஃபோன்.

"ராசா, இன்னொருக்காச் சொல்லு."

"என்னத்தை அம்மா?"

அதுக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் ஏறுற நேரமெல்லாம் அம்மா ஃபோனோட பக்கத்தில வந்து இருந்தா. காய்ச்சல் குறைக்கிற பனடோலும் தரேல்ல.

அப்பாதான் இதுக்கு முடிவு கட்டினவர். கடலால வந்தவர், நான் எழும்ப ஏலாமல் படுக்கையிலயே மூத்திரம் போனதைக் கண்டிட்டார். முழங்காலில நிண்ட சனத்தைப் பாத்து, "ஆண்டவர் மூண்டாம் நாள் எழும்பினவர். இவன் எழும்புறானில்லை. விலகுங்கோ" எண்டு சொல்லி என்னைத் தூக்கி ஓட்டோவில போட்டார். அம்மா ஓட்டோவுக்குப் பின்னால கொஞ்சத் தூரம் வெறுங்காலோட ஓடி வந்து, பிறகுதான் ஏறினா.

மன்னார் ஆஸ்பத்திரியில வரிசையில இருந்தம். வாங்கிலில எனக்குப் பக்கத்தில இருந்த சனம் ஒவ்வொண்டா எழும்பிப் போய் அங்கால இருந்துது. வெளியில கழுதை ஒண்டு சுவரோட நிண்டு என்னையே பாத்துக்கொண்டு இருந்தது. அண்டைக்கு என்ர கண்ணை நேர பாத்தது அது ஒண்டுதான். உள்ள கூப்பிட்ட சின்ன டொக்டர் என்ர சேட்டைக் கழட்டச் சொன்னார். சேட்டுக் கழரேல்ல, ஒட்டிப்போச்சு. நேர்ஸ் மிஸ் தண்ணி விட்டு நனைச்சு நனைச்சு எடுத்தா. "நோகுதோ தம்பி? கத்துங்கோ, பரவாயில்லை" எண்டா. அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் முதல்தரம் அழுதனான். ஊரில ஒருத்தரும் நோகுதோ எண்டு கேக்கேல்ல.

வாட்டில மறிச்சாச்சு. இரத்தம் எடுத்தினம். அதில ஒரு சோதினை, இரத்தத்தை மெல்லிய குழாயில விட்டு, அது எவ்வளவு கெதியா அடியில படியுது எண்டு பாக்கிறது. கெதியாப் படிஞ்சா உடம்புக்குள்ள எங்கயோ அழற்சி, அதாவது நெருப்பு, எரியுது எண்டு அர்த்தமாம். என்ரது விறுவிறெண்டு படிஞ்சுதாம். தோள் எலும்பை எக்ஸ்ரே எடுத்தினம். புண்ணில பஞ்சு தொட்டுக் கிருமி வளருதோ எண்டு அனுப்பிச்சினம். கிருமிக்கு மருந்து ஏத்தியும் பாத்திச்சினம், ஒண்டும் கேக்கேல்ல. அனுப்பின பஞ்சிலயும் இந்தளவு புண்ணுக்குக் காரணம் சொல்லக்கூடிய கிருமி ஒண்டும் இல்லையாம். அதைக் கேட்டு அம்மாவின்ர முகத்தில ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கோ. கிருமி இல்லாமல் காயம் எண்டா பிறகு ஆர் செய்தது?

கக்கூசுக் கண்ணாடியில முகத்தைப் பாத்தன். அங்க நான் இல்லை. எங்கட கோயிலில பெரிய வெள்ளிக்கிழமை சனம் முத்தம் குடுக்கிற ஆண்டவர் சுருவத்தின்ர முகம், கண் மட்டும் அசைஞ்சுது. வாயைத் திறந்து பாத்தன், அதுவும் திறந்துது. பிறகு நான் அந்தக் கண்ணாடிப் பக்கம் போகேல்ல.

தோல் டொக்டர் வந்தது பிறகுதான். யாழ்ப்பாணத்துப் பொம்பிளை, சிரிக்கமாட்டா, ஆனா கட்டிலில இருந்து கதைப்பா. என்ர முதுகை மணந்து பாத்தா, உண்மையா மூக்கைக் கிட்டக் கொண்டுவந்து. "இது பரு" எண்டா.

"பருவோ?" எண்டார் அப்பா. அடிச்சுப்போட்ட மாதிரி நிண்டார்.

"பருவிலயே மோசமான வகை. அக்னே ஃபுல்மினன்ஸ் எண்டு பேர். மின்னல் விழுந்த மாதிரித் திடீரெண்டு வரும். கனக்க இளம் பெடியளுக்குத்தான் வாறது, ஆனா லட்சத்தில ஒருத்தர் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, அவ்வளவு அரிது. ஏன் இவருக்கு வந்தது எண்டு நேராச் சொல்லத் தெரியாது. என்ன நடக்குது எண்டு சொல்லலாம். அப்பா, சுறா ஈரல் எண்ணெய் தெரியுமோ?"

"தெரியாமல்?"

"அதை வெயிலில வச்சா?"

"காறிப்போகும். ஊருக்குள்ள நிக்கேலாது."

"உங்கட நங்கூரத்தைக் கடற்காத்தில போட்டு வச்சா?"

"துருப்பிடிக்கும்."

"ரெண்டும் ஒட்சிசன் செய்யிற வேலை. ஒட்சியேற்றம் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பார். சுறா ஈரலில இருக்கிற ஸ்குவாலீன் எண்ட அதே சாமான் மனிசத் தோலில ஊறுற எண்ணெயிலயும் இருக்கு. அது காறினாத் தோல் துவாரம் அடைபடும், வீங்கும். உடன வெள்ளைக் கலங்கள் ஓடி வரும். கிருமியைக் கொல்ல அதுகள் வச்சிருக்கிற ஆயுதமும் ஒட்சிசன்தான். அதை விசிறி அடிக்கேக்க கிருமியோட சேத்துப் பக்கத்தில இருக்கிற நல்ல தோலும் எரியும், இன்னும் எண்ணெய் காறும், இன்னும் கலங்கள் வரும். சாதாரண பருவில அது கொஞ்சத்தோட நிண்டிடும். இவருக்கு நிக்கேல்ல."

"எங்களுக்கு உது விளங்கும் டொக்டர்" எண்டார் அப்பா. "ஒருத்தனைப் பிடிக்க வந்து ஊரை எரிக்கிறது."

டொக்டர் பேனையை மூடி மடியில வச்சா.

அம்மா மெதுவாக் கேட்டா, "கனடாவில இருந்து என்ர தங்கச்சி சொல்லுறா, ஏதோ அன்ரி ஒக்சிடன்ற் குடுத்தாச் சரியாம். போத்தில் அனுப்பியிருக்கிறா."

"அது உடம்பின்ர காவல்காரர், அம்மா. விற்றமின் ஈ, சீ, சிங்க், செலீனியம், இப்பிடிக் கொஞ்சப் பேர். ஒட்சிசன் எரிக்க வரேக்க தாங்கள் முன்னுக்குப் போய் எரிஞ்சு மற்றதைக் காப்பாத்துறது. பரு கடுமையான ஆக்களில அந்தக் காவல் குறைஞ்சிருக்கிறதைக் கண்டிருக்கினம். அது குறைஞ்சதால பரு வந்ததோ, பருவோட மல்லுக்கட்டித்தான் குறைஞ்சதோ எண்டு இன்னும் அடிச்சுச் சொல்லேலாது. கொய்யா, நெல்லி, கீரை நல்லாக் குடுங்கோ. ஆனா வீடு பத்தி எரியேக்க செம்புத் தண்ணி காணாது. இந்த நெருப்பை ஸ்டீரொயிட் குளிசைதான் அமத்தும். ஒண்டு மட்டும் ஞாபகம் வையுங்கோ. இதை மெல்ல மெல்லத்தான் குறைக்கவேணும். சடாரெண்டு நிப்பாட்டினாப் புண் திரும்ப வெடிக்கும். அது மட்டும் இல்லை, உடம்பு தன்ரபாட்டில செய்யிற ஸ்டீரொயிட்டைச் செய்ய மறந்திருக்கும். ஆள் மயங்கி விழும். உயிர் போகும்."

அம்மா தலையாட்டினா. நான் பாத்தனான், நல்ல வடிவாத் தலையாட்டினா.

குளிசை கேட்டுது. காய்ச்சல் விட்டுது, மூட்டு உளைவு குறைஞ்சுது, நான் கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அரசாங்க ஆஸ்பத்திரி காசு கேக்காது, எண்டாலும் ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் அப்பா கடலுக்குப் போகாமல் எங்க கடன் வாங்கினார் எண்டு எனக்கு இண்டைவரைக்கும் சொல்லேல்ல. தான் கட்டின பழைய சாரத்தைத் துவைச்சுத் துவைச்சு மெத்தெண்டு ஆக்கி என்ர முதுகுக்குக் கீழ விரிப்பார். பக்கத்துக் கட்டில் முஸ்லிம் ஐயா ஒருத்தர், உப்புக்குளத்தார், தன்ர மகள் கொண்டுவாற கஞ்சியில பாதியை எனக்கு ஊத்திப்போட்டுத்தான் குடிப்பார். "பருவோ தம்பி? அல்லாஹ், என்ர பேரனுக்கும் இருக்குது, பயப்பிடுத்தாதை" எண்டு சிரிப்பார். அவருக்கு நான் வெறும் நோயாளிப் பெடியன். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு சுகமா இருந்தது தெரியுமோ.

ஆனா ஊர் விடேல்ல. நோயாளரைப் பாக்கிற நேரத்தில வந்து கட்டில் காலடியில முழங்காலில நிப்பினம். "இது வாட்டு, கோயில் இல்லை, எழும்புங்கோ" எண்டு மிஸ் கலைப்பா. ஒரு நாள் மிஸ் என்னட்டச் சத்தம் போட்டா, "என்ன தம்பி, உங்கட ஊர் ஆக்கள் தலையணை உறையைக் களவெடுக்கினம்?" உண்மைதான். நான் தலை வச்ச உறைகள் ஒவ்வொண்டாக் காணாமல் போச்சு.

பெரிய வெள்ளி நான் வாட்டிலயே இருக்கேக்க போச்சு. ஆண்டவரா வேறொருத்தன் நடிச்சான். உயிர்த்த ஞாயிறு கழிச்சு வீட்ட விட்டவை. இறங்கு துறையில அப்பாவின்ர போட்டைப் பாத்தன், பக்கத்துப் போட்டுகளையும் பாத்தன். எல்லாத்தின்ர முன் கொம்பிலயும் சின்னச் சின்ன வெள்ளைத் துணி கட்டியிருந்தது. காத்தில படபடத்துது. கிட்டப் போய்ப் பிடிச்சுப் பாக்க, கிழிச்ச தலையணை உறை, நடுவில மண்ணிறக் கறை. என்ர சிதலும் இரத்தமும். நான் செத்துப்போய், எல்லாரும் பங்கு பிரிச்ச பிறகு வந்து பாக்கிற மாதிரி இருந்தது.

காயம் ஆற ஆற அம்மா வாடிக்கொண்டு போனா. மற்றத் தாய்மார் எண்டா கூத்தாடியிருப்பினம். அம்மா என்ர நெத்தியில பொருக்கு விழுந்த இடத்தைத் தடவிப் பாத்திட்டு ஒண்டும் பேசாமல் போவா. குளிசை தாறது அம்மாதான். காலமை உள்ளங்கையில போடுவா, நான் பாக்காமலே விழுங்குவன். அம்மா தந்ததை ஆர் பாத்து விழுங்குறது?

கொஞ்ச நாளில திரும்பவும் நெஞ்செலும்பு உளைஞ்சுது. முதுகில புதுசா வெடிச்சுது. வாந்தி வந்தது, எழும்பினாத் தலை சுத்திச்சுது. அண்டைக்கு மத்தியானம் தண்ணி குடிக்க எண்டு சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுப் போனனான். அம்மா கருவாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில, வெயிலுக்குள்ள, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தா. ஃபோனைக் காதில வச்சிருந்தா. ஃபோனுக்குள்ள ஆரோ கதைச்சினம். நான்தான் கதைச்சனான்.

என்ர குரல்தான், ஆனா என்ர கதை இல்லை. நான் அப்பிடி ஆறுதலாக் கதைக்கிறவன் இல்லை.

"பொறு குட்டான். அழாதை. இதில இரு, பையை விட்டு எழும்பக்கூடாது."

பிறகு ஒண்டும் இல்லை, காத்துச் சத்தம் மட்டும். ஆரோ மறுமொழி சொல்ல நேரம் விட்ட மாதிரி. பிறகு திரும்பவும்:

"ஓம், ஓம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன்."

குட்டான் எண்டு என்னை உலகத்தில அண்ணா ஒருத்தர்தான் கூப்பிட்டவர். என்ர காய்ச்சல் நேரம் பதிஞ்சு வச்ச அதை அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டா. ஒவ்வொருக்காவும் அந்த இடைவெளியில ஃபோனைக் காதோட இன்னும் இறுக்குவா. எனக்கு அந்த வெயிலுக்குள்ளயும் உடம்பெல்லாம் கூசிச்சுது. கூசினபடியே எனக்குக் கால் நனைஞ்சுது. உண்மையா இல்லை, ஞாபகத்தில. நனைஞ்ச கால், குந்தியிருந்த பையின்ர தடிப்பு, எனக்கு முன்னால தண்ணிக்குள்ள இறங்கிப் போற ஒரு முதுகு. முழு உலகமும் எங்களுக்கு எதிர்ப்பக்கமா வருது, அந்த ஒரு முதுகு மட்டும் திரும்பிப் போகுது. இத்தினை வருசமும் அது எங்க கிடந்ததோ தெரியாது. அதோட எனக்குக் கண் இருட்டி விழுந்திட்டன்.

திரும்பவும் ஓட்டோ, திரும்பவும் அதே வாட்டு. ஊசி போட்டு, சேலைன் ஏத்தி, ஆளைத் தேத்தினபிறகு தோல் டொக்டர் கேட்டா, "குளிசையை நிப்பாட்டினீங்களோ?"

"இல்லை டொக்டர். குடுத்தனான்" எண்டா அம்மா, நிலத்தைப் பாத்து.

"உடம்பு பொய் சொல்லாது அம்மா. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நீங்கள் சவப்பெட்டிதான் வாங்கியிருப்பீங்கள்."

டொக்டர் போயிட்டா. அப்பா தேத்தண்ணி வாங்கப் போனார். அம்மா கட்டிலோட நிண்டா. நான் ஒண்டும் கேக்கேல்ல, அவவே சொன்னா.

"சித்தி அனுப்பின விற்றமினைத்தான் தந்தனான். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. ஒருக்கா, ஒரேயொருக்கா உனக்குக் காய்ச்சல் வந்தாக் காணும் எண்டு நினைச்சன். அவன் உன்ர வாயால வாறான் ராசா. என்னைக் கூட்டிக்கொண்டு போக வாறனெண்டு சொல்லுறான். எங்க நிக்கிறாய் எண்டு மட்டும் கேக்கவேணும். வேற ஒண்டும் வேண்டாம். எங்க எண்டு மட்டும்."

எனக்கு வந்த கோவத்தைச் சொல்லேலாது. சேலைன் கம்பியைத் தூக்கி எறிஞ்சிருப்பன். "நான் உங்கட பிள்ளை இல்லையோ?" எண்டு கத்தினன். வாட்டு முழுக்கத் திரும்பிப் பாத்துது. "அவர் ஒருத்தர்தான் பிள்ளையோ? நான் சாகலாமோ?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்பிடியே நிலத்தில இருந்திட்டா. பொத்தின கைக்குள்ளால ஒரு சத்தம் வந்தது. நான் அப்பிடி ஒரு சத்தம் அதுக்கு முதலும் கேக்கேல்ல, பிறகும் கேக்கேல்ல. என்ர கோவம் எங்க போச்சோ தெரியாது.

அந்த முதுகு ஞாபகத்தைச் சொல்லாமல் விடலாம். சொன்னா அம்மாவுக்கு என்ர அண்ணா ஒரேயடியாச் செத்துப்போவார். சொல்லாட்டி நான் செத்துப்போவன், இல்லாட்டிக் காலம் முழுக்க ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அம்மா என்ர வாயைப் பாத்துக்கொண்டு இருப்பா. அதை நினைக்க எனக்குச் சாகிறதை விடப் பயமா இருந்தது.

"அம்மா, காய்ச்சல் இல்லாமலே சொல்லுறன். கேளுங்கோ. அது அவர் இப்ப சொல்லுறது இல்லை, அண்டைக்குச் சொன்னது. என்னைக் கரையில பையில இருத்திப்போட்டு எனக்குச் சொன்னது. நான் அம்மா வேணும் எண்டு அழுதிருக்கிறன் போல. அவரை ஒருத்தரும் பிடிக்கேல்ல அம்மா. உங்களைத் தேடித் திரும்பத் தண்ணிக்குள்ள இறங்கினவர்."

பக்கத்துக் கட்டிலில புதுசா வந்தவன் இருமினான். வெளியில காத்து யன்னல் கதவைத் தள்ளித் தள்ளி அடிச்சுது. அம்மா வாயைப் பொத்தின கையை எடுத்தா.

"திரும்பிப் பாத்தவனோ?"

ஓம் எண்டு சொல்லத்தான் வாய் வந்தது. "தெரியாது அம்மா. முதுகு மட்டும்தான் ஞாபகம்."

"உன்ர முதுகு போலத்தான் அவன்ரயும்" எண்டா அம்மா. "நான் மூட்டையைத் தலையில வச்சிருந்தனான். முகம் மறைஞ்சு போச்சு. அவன் என்னைத் தாண்டித்தான் போயிருப்பான்." பிறகு இடுப்பில முடிஞ்சு வச்சிருந்த லேஞ்சித் துணியை அவிட்டா. எனக்குத் தராமல் விட்ட குளிசை எல்லாம் அதுக்குள்ள இருந்தது. ஒண்டையும் எறியேல்ல. மருந்தை எறியக்கூடாது எண்டு அம்மாவுக்கு ஒரு பழக்கம். "மிஸ்ஸிட்டக் கேள் ராசா, இண்டைக்கு எத்தினை போடவேணுமெண்டு."

அதுக்குப் பிறகு ஒரு நாளும் பிழைக்கேல்ல. டொக்டர் சொன்ன மாதிரி மெல்ல மெல்லக் குறைச்சு, பிறகு பருவுக்கெண்டே இருக்கிற வேற குளிசையை ஆகக் குறைஞ்ச அளவில தொடங்கி, இப்ப எனக்கு முகத்தில பள்ளம் பள்ளமா அடையாளம் மட்டும்தான். முதுகில கூட. பெடியளே, பரு வந்தாக் கிள்ளாதையுங்கோ, எண்ணெய் பூசாதையுங்கோ, காய்ச்சலும் மூட்டு உளைவும் சேந்து வந்தா ஒருத்தரின்ர கதையும் கேக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. கொய்யாப்பழமும் தின்னுங்கோ, ஆனா அதை மட்டும் நம்பாதையுங்கோ. போட்டுகளில கட்டின துணியை அப்பா ஒவ்வொண்டா அவிட்டு எரிச்சிட்டார். ரெண்டொரு ஆக்கள் இன்னும் சட்டைக்குள்ள குத்தி வச்சிருக்கினமாம். வச்சிருக்கட்டும்.

இந்த முறை மரித்தோர் திருநாளுக்கு அம்மா ஒரு மெழுகுதிரி வாங்கினா. சவக்காலைக்குப் போகேல்ல. பொழுதுபடுற நேரம் என்னையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், அலை வந்து தொடுற இடத்தில மண்ணில குத்திக் கொளுத்தினா. எங்கட கடற்காத்துக்கு அது நிக்குமோ, உடன நூந்து போச்சு. திரும்பக் கொளுத்தினா, திரும்ப நூந்துது. அம்மா நெருப்புப் பெட்டியை மடியில வச்சிட்டுத் தண்ணியைப் பாத்து, ஆறுதலா, எனக்கு ஃபோனுக்குள்ள கேட்ட அதே ஆறுதலோட சொன்னா:

"ரெஜி, பொறு ராசா. அம்மா வாறன்."

அம்மாவின்ர கையை எட்டிப் பிடிச்சன். அவ திரும்பி, கன மாசத்துக்குப் பிறகு என்ர நெத்தியைப் பாக்காமல், முதுகைப் பாக்காமல், என்ர கண்ணைப் பாத்தா.

"பின்னேரக் குளிசை போட்டனியோ?"

போட்டனான் எண்டன்.